தோட்டத்துக் கேமரா: வாங்குமுன் எடைபோட வேண்டியவை



மளிகைக் கடைக்காரரானாலும் மொத்த வியாபாரியானாலும் நம் எல்லோருக்கும் பொழுது ஒரே மாதிரிதான் போகிறது. காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால், இரவு பத்து மணிக்குத்தான் வீடு. பகல் முழுவதும் நம் கண் தராசிலும் கல்லாவிலும் இருக்கிறது. கிடங்கை நாம் பார்ப்பது சரக்கு இறங்கும்போது. வீட்டையும் தோட்டத்தையும் பார்ப்பது விடிந்தபின். இடைப்பட்ட நேரத்தில் அங்கு என்ன நடக்கிறது என்பதை அடுத்தவர் சொல்லித்தான் அறிகிறோம்.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் வியாபாரிகள் பலர் டவுனில் கடையும், தோட்டத்தில் வீடுமாக இருப்பவர்கள். ஒரு தோட்டத்து வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பத்து ஏக்கர் தென்னை நிற்கும். கூப்பிட்டால் கேட்காது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரே வீட்டைச் சேர்ந்த மூவர் கொலையுண்டதும், 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே வயதான தம்பதியர் கொலையுண்டதும் இத்தகைய தனி வீடுகளில்தான். அதற்குப் பின்னர் கேமரா வாங்கலாமா, எந்தக் கேமரா வாங்கலாம் என்று சங்கத்தில் கேட்காத உறுப்பினர் இல்லை. அந்தக் கேள்விக்கு நாம் அறிந்த வரையில் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் விலைப்பட்டியலைத் தவிர்த்து, சரக்கின் குணத்தை மட்டும் எழுதுகிறோம். குணம் தெரிந்தவன் விலையில் ஏமாற மாட்டான்.

முதல் கேள்வி: எதைப் பார்க்க வேண்டும்?

கடையில் "அரிசி கொடுங்கள்" என்று வருபவரிடம், சாப்பாட்டுக்கா, இட்லிக்கா, பொங்கலுக்கா என்று நாம் கேட்கிறோம் அல்லவா? கேமராவுக்கும் அப்படித்தான். தோட்டத்துக் கேமரா என்று கடையில் விற்பவை அடிப்படையில் இரண்டு வகை.

ஒன்று, கண்காணிப்புக் கேமரா. இருபத்துநான்கு மணி நேரமும் மின்சாரத்தில் ஓடும். பார்ப்பதையெல்லாம் பதிவு செய்யும். கைப்பேசியில் உடனே பார்க்கலாம். திருடனுக்கு இதுதான் பொருத்தம்.

மற்றொன்று, காட்டுயிர்க் கேமரா. மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம். பேட்டரியில் தூங்கிக்கொண்டிருக்கும். முன்னால் ஏதேனும் உயிர் நடமாடினால் விழித்துப் படம் எடுத்துவிட்டு மறுபடி தூங்கும். ஒயர் வேண்டாம்; இன்டர்நெட் வேண்டாம்.

இது புதிய வித்தையல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் இரவில் விலங்குகளை எடுத்த படங்கள் 1906-லேயே நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளியாயின. நம் நாட்டில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி, காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலி தானே தடுக்கித் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். அந்தப் படங்களோடு அவர் எழுதிய புத்தகம் 1927-ல் வந்தது. இன்று நாட்டின் புலிக் கணக்கெடுப்பே இந்தக் கேமராக்களை நம்பித்தான் நடக்கிறது. 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். மூன்று கோடியே நாற்பத்தெட்டு லட்சம் படங்களுக்கு மேல் கிடைத்தன. அவற்றில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. ஆகவே தோட்டத்தில் கேமரா கட்டி, முதல் வாரம் தென்னை மட்டை ஆடுவதும் நாய் போவதும் மட்டும் விழுந்தால் யாரும் சோர்ந்துபோக வேண்டாம்.

ஒரு கிடங்கில் நடந்தது

இரண்டாவது வகை பொழுதுபோக்குக்கு மட்டும் என்று எண்ணுவோருக்காக நாம் நேரில் அறிந்த ஒன்றைச் சொல்கிறோம். ஒரு மொத்த மளிகைக் கிடங்கில் பேரீச்சம்பழமும் திராட்சையும் வெல்லமும் தொடர்ந்து குறைந்து வந்தன. மூட்டையின் மூலை கிழிந்திருக்கும். சரக்கு கால் கிலோ, அரைக் கிலோ குறையும். எலிப் புழுக்கை இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி இருவரிடம்தான்: ஒருவர் முதலாளி, மற்றவர் பதினான்கு வருடமாக அங்கேயே படுத்துறங்கும் காவல்காரர். கணக்குப்பிள்ளை ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டினார். முதலாளியும் அதை நம்பினார். காவல்காரரோ, "வேலையை விட்டு நிறுத்துங்கள் முதலாளி, திருடன் என்று மட்டும் சொல்லாதீர்கள், பொண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

விஷயம் சங்கத்துக்கு வந்தபோது, மூத்தவர்களாகிய நாம் சிலர் ஒரு வாரம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டோம். மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஒரு காட்டுயிர்க் கேமராவை இரவல் வாங்கி, மூட்டைக்கு எதிரே தூணில் கட்டினோம். மூன்றாம் நாள் இரவு ஒன்றே முக்கால் மணிக்குப் படம் விழுந்தது. ஓடு விலகிய காற்றுவழியில் இறங்கி, மூட்டைமேல் உட்கார்ந்து, நிதானமாகப் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தது ஒரு மரநாய். பின்னால் குட்டி ஒன்று.

காற்றுவழிக்கு வலை அடித்தார்கள். செலவு சில நூறு ரூபாய். முதலாளி, வேலையாட்கள் எல்லோரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னிலையில் காவல்காரரிடம் தம் வாயாலேயே வருத்தம் தெரிவித்தார். அந்த முதலாளியை நாம் அதற்குமுன் மதித்ததைவிட அதற்குப்பின் அதிகம் மதிக்கிறோம். கேமரா திருடனைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல, திருடாதவனைக் காப்பதற்கும்தான். இரண்டுக்கும் பயன்படும்படி வைப்பவரே அதை முறையாக வைப்பவர்.

எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட எத்தனை அடி அகலம்?

கடைக்காரர் நம்மிடம் "இது 2 மெகாபிக்சல், அது 4 மெகாபிக்சல்" என்பார். அது மூட்டையின் எடை போல. பரப்பினால் எவ்வளவு இடத்துக்கு வரும் என்பதுதான் கேள்வி. 2 மெகாபிக்சல் கேமராவின் படத்தில் அகலவாக்கில் 1,920 புள்ளிகள் உண்டு. முன்பின் தெரியாத ஒருவன் முகத்தை அடையாளம் காட்ட, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி வேண்டும் என்பது உலக அளவில் ஏற்ற கணக்கு. தெரிந்தவர் இன்னார் என்று சொல்ல 125 போதும். ஆள் நடமாட்டம் உண்டு என்று அறிய 25 போதும்.

வகுத்துப் பாருங்கள். 1,920-ஐ 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது சுமார் 25 அடி அகலம். அதற்கு மேற்பட்ட அகலத்தை ஒரே கேமராவில் அடக்கினால் ஆள் வந்தது தெரியும். யார் என்று தெரியாது. வீட்டைச் சுற்றி முழுவதும் தெரிகிறது என்று ஒரே அகலக் கேமராவை மாட்டிவிட்டு, பிறகு காவல் நிலையத்தில் நிழலுருவத்தைக் காட்டுகிறவர்கள் பலர்.

லென்ஸும் முக்கியம். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். 2 மெகாபிக்சலில் புதியவன் முகம் தெளிவாகத் தெரிவது சுமார் 10 அடிக்குள்தான். 6 மில்லிமீட்டர் லென்ஸ் குறுகலாகப் பார்க்கும். முகம் சுமார் 25 அடி வரை தெரியும். ஆகவே களத்துக்கும் முற்றத்துக்கும் 2.8; வாசல் கேட்டுக்கும் வண்டிப் பாதைக்கும் 6. இந்த ஒரு கணக்கைக் கேட்டாலே விற்பவர் நம்மை வேறு மாதிரி நடத்துவார்.

இரவுப் பார்வை

இருட்டில் கேமரா பார்ப்பது அகச்சிவப்பு விளக்கின் ஒளியில். அது நம் கண்ணுக்குத் தெரியாது. படம் கறுப்பு வெள்ளையாக வரும். இதிலும் இரண்டு வகை. 850 நானோமீட்டர் விளக்கு தூரம் போகும். ஆனால் உற்றுப் பார்த்தால் மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு சற்றும் தெரியாது. ஆனால் தூரம் குறைவு. வாசலுக்கு முதல் வகையே நல்லது. கேமரா இருப்பது திருடனுக்குத் தெரிவதே பாதி காவல். மறைவாக விலங்கு பார்க்க இரண்டாவது வகை. இப்போது ஆள் வந்ததும் வெள்ளை விளக்கு எரியும் கேமராக்களும் வருகின்றன. அவற்றில் இரவிலும் சட்டை நிறம், வண்டி நிறம் தெரியும்.

அட்டையில் எழுதியுள்ள "30 மீட்டர்" என்பதை அப்படியே நம்ப வேண்டாம். கடையிலேயே விளக்கணைத்து, ஓர் ஆளை நிறுத்திப் பார்த்து வாங்குங்கள். மற்றொன்று, இரவில் விளக்கைத் தேடிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணாடி முன் வலை பின்னும். அந்த ஒரு நூலிழை வெளிச்சத்தில் கயிறு போலத் தெரிந்து, இரவெல்லாம் கைப்பேசியில் மணி அடிக்கும். வெள்ளிக்கிழமை கடை துடைக்கும்போது கேமராவையும் ஒரு துடைப்பு துடைக்கச் சொல்லுங்கள்.

வெயில் செய்யும் வேலை

காட்டுயிர்க் கேமராவும், பேட்டரியில் ஓடும் கேமராக்களில் பெரும்பாலானவையும் உடல் வெப்பத்தை வைத்தே விழிக்கின்றன. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று குறுக்கே நகர்ந்தால் உணரும். சித்திரை வெயிலில் தரையே 37 டிகிரியைத் தாண்டும்போது, மனிதனுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாமல் அது தூங்கிவிடும். பாம்பைப் பெரும்பாலும் காணவே காணாது. அதன் உடம்பும் சுற்றுப்புறமும் ஒரே சூடு. ஆகவே, பகல் காவலுக்கு இவ்வகையை மட்டும் நம்பக் கூடாது. மேலும், நேராக எதிரே வரும் உருவத்தைவிடக் குறுக்கே கடக்கும் உருவத்தையே இது விரைவில் உணரும். ஆகவே பாதைக்கு நேர் எதிரே வைக்காமல், பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்.

ஒயரிலும் கலப்படம்

மிளகில் பப்பாளி விதை கலப்பதை நாம் அறிவோம். கேபிளில் நடக்கும் கலப்படத்தைப் பலர் அறியார். முழுச் செம்புக் கம்பி என்று சொல்லி, அலுமினியக் கம்பிமேல் செம்பு பூசியதைத் தருகிறார்கள். முதல் மாதம் படம் நன்றாக வரும். தூரம் அதிகமானால் மின்சாரம் வழியிலேயே குறைந்து, இரவில் விளக்கு எரியும் நேரத்தில் கேமரா அணைந்து அணைந்து எரியும். சோதனை எளிது: கத்தியால் கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். எடையும் குறைவாக இருக்கும். எடை பார்ப்பது நமக்குக் கற்றுத்தர வேண்டிய வித்தையல்ல.

மின்சாரமும் படமும் ஒரே கேபிளில் போகும் முறையில் ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பாலுள்ள களத்துக்குச் சோலார் தகடும் சிம் கார்டும் உள்ள கேமரா ஏற்றது. ஆனால் அதற்கு மாதாமாதம் ரீசார்ஜ் உண்டு. தென்னை நிழலில் சோலார் வேலை செய்யாது. வாங்குமுன் அந்த இடத்தில் எந்த கம்பெனி சிக்னல் கிடைக்கிறது என்று கைப்பேசியைக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

மழைக்கு, அட்டையில் ஐ.பி. 65, 66, 67 என்று போட்டிருக்கும். முதல் எண் ஆறு என்றால் தூசு புகாது. இரண்டாம் எண் ஐந்து, ஆறு என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஏழு என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வெளியில் வைக்க 65-க்குக் குறையக் கூடாது. கரண்ட் போனால் கேமரா குருடு. ஆகவே சிறிய யு.பி.எஸ். ஒன்று கட்டாயம்.

எத்தனை நாள் பதிவு வேண்டும்?

நமக்குத் திருட்டு அன்றே தெரிவதில்லை; மாதக் கடைசியில் சரக்கு எண்ணும்போதுதான் தெரிகிறது. ஆகவே முப்பது நாள் பதிவு இருக்க வேண்டும். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, பழைய எச். 264 முறையில், நொடிக்கு 4 மெகாபிட் வீதம் ஓடினால், ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜி.பி. இடம் பிடிக்கும். நான்கு கேமராவுக்கு 173 ஜி.பி. ஒரு டி.பி. டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது; ஆறாம் நாளிலேயே முதல் நாளை அழித்துவிட்டு அதன்மேல் எழுதத் தொடங்கும். எச். 265 முறையில் இடம் பாதியளவாகக் குறையும். அப்போதும் முப்பது நாளுக்கு 2,600 ஜி.பி. ஆகிறது. ஆகவே நான்கு கேமராவுக்கு 4 டி.பி. வாங்குவதே சரி. "ஒரு மாசம் தாராளமா வரும்" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பதிவுப் பெட்டியை, அதாவது டி.வி.ஆரை, டி.வி.க்குப் பக்கத்தில் அலங்காரமாக வைக்கிறோம். திருடன் போகும்போது அதையும் எடுத்துப் போகிறான். பரண்மேல், பூட்டிய அலமாரிக்குள், காற்று போகும்படி மறைத்து வையுங்கள்.

மாட்டும் உயரம்

பத்தடிக்கு மேல் மாட்டினால் தலைமயிரும் தொப்பியும்தான் தெரியும். எட்டு முதல் பத்தடி வரை உத்தமம். கைக்கும் எட்டாது, முகமும் தெரியும். கிழக்கு, மேற்கு பார்த்து வைத்தால் காலையும் மாலையும் சூரியன் கண்ணைக் கூசச் செய்யும். வடக்கு நோக்கி வைப்பது நலம். விலங்குக்கானால் முழங்கால் உயரமே சரி. கேமராவுக்கு எதிரே உள்ள புல்லை வெட்டிவிடுங்கள். இல்லையேல் காற்றடிக்கும்போதெல்லாம் படம் எடுத்துப் பேட்டரி தீரும்.

பூட்டு, சட்டம், மரியாதை

2016 அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்கள் ஒரு நாளில் முடங்கின. காரணம், கம்பெனி போட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களும் டி.வி.ஆர்களும். அவற்றை எங்கிருந்தோ வசப்படுத்தி அந்தத் தாக்குதலை நடத்தினார்கள். ஆகவே மாட்டியவுடன் கடவுச்சொல்லை நாமே மாற்ற வேண்டும். மாட்டிய பையனிடம் அது இருக்கக் கூடாது. நம் நாட்டில் 2025 ஏப்ரல் 9 முதல் கண்காணிப்புக் கேமராக்களுக்கு இத்தகைய பாதுகாப்புச் சோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பழைய ஸ்டாக்கை மலிவாகத் தள்ளுகிறார்களா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள், ஜி.எஸ்.டி. மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டியும் இல்லை.

பதிவு கோர்ட்டில் நிற்க வேண்டுமானால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, நகலோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். சம்பவம் நடந்தால் பெட்டியை நாமே நோண்டாமல், பதிவு அழியுமுன் போலீசாரிடம் சொல்லிவிட வேண்டும். கேமராவில் தேதியும் மணியும் சரியாக உள்ளதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். மணி தவறிய சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார்.

வேலையாட்களுக்குத் தெரிவித்தே கேமரா வைக்க வேண்டும். குளியலறை, உடை மாற்றும் இடம் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. பெண்களை அவ்வாறு மறைந்து படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்கீழ் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பக்கத்து வீட்டுக் கொல்லையும் நம் கேமராவுக்குள் வர வேண்டாம்.

தோட்டத்து விருந்தாளிகள்

தோட்டத்தில் ஒரு மாதம் கேமரா கட்டியவர்கள் வியப்போடு பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். கீரி, முள்ளம்பன்றி, காட்டு முயல், உடும்பு, கூகை என்று நமக்குத் தெரியாமலே நம் நிலத்தில் குடியிருப்போர் பலர். இவற்றில் கூகையும் சாரைப்பாம்பும் நம் ஜென்ம விரோதியான எலியைச் சம்பளமின்றிப் பிடிப்பவை. கேமராவில் அவற்றைக் கண்டால் அடிக்க ஆள் அனுப்பாதீர்கள். மயில், மரநாய், பாம்பு எதுவானாலும் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வலை அடிப்பதும், ஓட்டை அடைப்பதும், சிந்திய தானியத்தைக் கூட்டுவதுமே வழி. கேமரா முன் இரை போட்டு அழைப்பதும் வேண்டாம். பழம் போட்டால் குரங்கு வரும், வந்த குரங்கு போகாது. காட்டுக்குள் கேமரா வைக்க வனத்துறை அனுமதி வேண்டும்; நம் வேலிக்குள் நம் கேமரா என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

ஆனைமலை அடிவாரத்தில் உள்ளவர்களுக்கு யானை வேறு கவலை. அரிசி மணத்துக்கு வால்பாறையில் யானை ரேஷன் கடையை உடைப்பதை நாம் அறிவோம். அங்கு யானை நடமாட்டத்தைக் கைப்பேசிச் செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்கூட்டி அறிவிக்கும் ஏற்பாடு உயிர்களைக் காத்து வருகிறது. கோவை அருகே மதுக்கரையில் ரயில் பாதையோரம் 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்கள் வைத்து, யானை நெருங்கினால் ரயிலை எச்சரிக்கும் ஏற்பாடு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அடிவாரத்துக் கடைக்காரர் ஒருவருடைய கேமராவில் யானை தெரிந்தால், வேடிக்கைக்குப் பரப்புமுன் வனத்துறைக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் சொல்வது கடமை.

சேர்ந்து வாங்குவோம்

கடைசியாக ஒரு யோசனை. நான்கு கேமராவைத் தனியாக வாங்குபவர் சில்லறை விலை கொடுக்கிறார். ஒரு மண்டித் தெருவே சேர்ந்து நாற்பது வாங்கினால் மொத்த விலை. பழுது பார்க்க ஆள் வருவதும் உறுதி. கடைவாசல் கேமராவைத் தெரு முனையும் தெரியும்படி வைத்தால், ஒருவர் கடைக்கு மற்றவர் காவல் ஆகிறார். தோட்டத்து வீட்டுக்காரர்களும் நான்கு ஐந்து வீடாகச் சேர்ந்து, எச்சரிக்கை மணி ஒரு வீட்டில் அடித்தால் மற்ற வீட்டுக் கைப்பேசியிலும் அடிக்கும்படி செய்துகொள்ளலாம். ஏனெனில், கேமரா பார்க்கும், ஓடிவராது. நள்ளிரவில் மணி அடித்தபின் டார்ச்சோடு ஓடிவர அக்கம்பக்கத்து மனிதர்தான் வேண்டும். பெற்றோரைத் தோட்டத்தில் விட்டு டவுனில் கடை நடத்தும் இளைய வியாபாரிகள் முதலில் இந்த ஏற்பாட்டைச் செய்யட்டும். மெகாபிக்சலைப் பிறகு பார்க்கலாம்.